கொழும்புக் காணிக்கு எந்தச் சட்டம்?

தேவகோட்டைப் பக்கத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வளவு வீட்டின் இரண்டாங்கட்டில் பூட்டிக் கிடந்த இரும்புப் பெட்டியைத் திறந்தார்களாம். அவருடைய ஐயா, அதாவது அப்பச்சியை (அப்பாவை) பெற்றவர், கொழும்பில் ஒரு கட்டடமும் குருநாகல் பக்கம் ஒரு தென்னந்தோப்பும் வாங்கிய உறுதிகள், அதாவது கிரயப் பத்திரங்கள், உள்ளே இருந்தன. கொழும்பு வக்கீல் ஒருவரிடம் விசாரித்தபோது, "இங்கே காணிக்கு ரோமன்-டச்சுச் சட்டம். உங்கள் இந்து சட்டம் செல்லாது" என்று பதில் வந்திருக்கிறது. இங்கிலீஷ்காரன் நூற்றைம்பது வருஷம் ஆண்ட நாட்டில் டச்சுக்காரன் சட்டம் எப்படி மிஞ்சியது, நாம் இந்துக்கள்தானே, நம் சட்டம் நம்மோடு வராதா என்கிறார்.

கேள்வி வரலாறாக வந்தாலும் உள்ளே இருப்பது பங்கு யாருக்கு என்ற கவலை. அதில் தப்பில்லை, வரலாறு தெரியாமல் பங்கும் தெரியாது. நான் காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்றங்களில் சிவில் வழக்கு நடத்துகிறவன். பர்மா, மலாயா, இலங்கை என்று கடை வைத்திருந்த குடும்பங்களின் பாகப்பிரிவினைக் கட்டுகளோடு பல வருஷப் பழக்கம். இலங்கை நீதிமன்றத்தில் ஆஜராகும் உரிமை எனக்குக் கிடையாது. ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக எடுக்காமல், கொழும்பு வக்கீல் பேசுவது புரிவதற்கான விளக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு நினைப்பை விட்டுவிட வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு சட்டம்தான் இருக்கும், ஆள்கிறவன் மாறினால் சட்டமும் மாறும் என்பது அந்த நினைப்பு. இங்கிலாந்தின் கொள்கையே அதற்கு எதிரானது. ஆள் இல்லாத நிலத்தில் ஆங்கிலேயர் குடியேறினால் அவர்கள் சட்டம் கூடவே போகும்; போரில் பிடித்த நாட்டில், அரசர் மாற்றும்வரை பழைய சட்டமே தொடரும். கிரனடா தீவு பற்றிய 1774ஆம் ஆண்டு வழக்கில் மான்ஸ்ஃபீல்டு பிரபு இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டார். இலங்கைக் கரையோரத்தை ஆங்கிலேயர் 1796இல் பிடித்தது டச்சுக் கம்பெனியிடமிருந்து. அந்தக் கம்பெனி 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பறித்து, கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் மூன்று இடங்களிலும் நீதிமன்றம் வைத்து ஹாலந்து மாகாணத்துச் சட்டப்படி தீர்ப்புச் சொல்லிவந்தது. ரோமானிய சட்டமும் ஹாலந்தின் ஊர் வழக்கமும் கலந்த அதைத்தான் ரோமன்-டச்சுச் சட்டம் என்கிறோம். 1799 செப்டம்பர் 23ஆம் தேதிப் பிரகடனம், டச்சு ஆட்சியில் இருந்த சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று அறிவித்தது. கொழும்பு வக்கீல் இன்று சொல்லும் பதிலுக்கு வேர் அங்கே இருக்கிறது.

இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. அடுத்ததில் உண்டு. அந்தப் பிரகடனம் எல்லாருக்கும் டச்சுச் சட்டம் என்றதா, டச்சு வம்சத்தவருக்கு டச்சுச் சட்டம், மற்றவர்களுக்கு அவரவர் வழக்கம் என்றதா? டச்சுக்காரர் காலத்திலேயே கிராமத்துச் சிங்களவர் வழக்குகளில் ஹாலந்துச் சட்டம் எந்த அளவு ஓடியது? அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. நடந்தது மட்டும் தெரியும். ஆங்கில நீதிபதிகள் 19ஆம் நூற்றாண்டில் அதையே நாட்டின் பொதுச் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். கரையோரச் சிங்களவருக்கென்று இருந்த பழைய வழக்கங்களை யாரும் எழுதிவைக்கவில்லை. எழுதாததை நீதிமன்றம் பார்க்கவில்லை. அவை மறைந்தே போயின. எழுதி வைத்தவனுக்கே சட்டம் என்பது கணக்கு எழுதும் சாதிக்காரர்களான நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுதப்பட்டதால் பிழைத்தவற்றில் முதன்மையானது யாழ்ப்பாணத்துத் தேசவழமை. டச்சு கவர்னர் சைமன்ஸ் சொல்லி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்தார். தமிழில் பெயர்த்து முதலியார் என்ற பட்டம் பெற்ற உள்ளூர்த் தலைவர்கள் 12 பேரிடம் காட்டிச் சரிபார்த்தார்கள். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் ஒழுங்குவிதியால் அதற்கு முழுச் சட்டவலு கொடுத்தார்கள். முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று சொத்தை மூன்றாகப் பிரித்துப் பேசும் சட்டம் அது. நாமும் தமிழர்கள்தானே, அது நமக்குப் பொருந்தாதா என்று சிலர் கேட்பதுண்டு. பொருந்தாது. அது யாழ்ப்பாணத்தை நிரந்தர ஊராகக் கொண்ட தமிழர்களுக்கு உரியது. மூன்று வருஷக் கணக்குக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி வியாபாரம் செய்ய, போய்த் திரும்பிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) அதில் வரமாட்டார்கள். கொழும்புச் செட்டி என்று அங்கே ஒரு சமூகம் இருக்கிறது, பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். பெயரைப் பார்த்து அவர்கள் வழக்குத் தீர்ப்புகளை நமக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இதேபோல 1815இல் கண்டி ராஜ்யம் கைமாறியபோது செய்த உடன்படிக்கையால் கண்டியச் சட்டம் நின்றது. 1806இல் முஸ்லிம்களுக்கென்று தனித் தொகுப்பு வந்தது. உங்கள் தென்னந்தோப்பு இருக்கும் குருநாகல் பழைய கண்டிப் பகுதிதான். ஆனால் கண்டியச் சட்டம் மண்ணோடு ஒட்டியதல்ல, கண்டியச் சிங்களவரோடு ஒட்டியது. தோப்பு அங்கே இருப்பதால் மட்டும் அது உங்கள் மேல் வராது.

அப்படியானால் இங்கிலீஷ்காரன் சும்மா இருந்தானா என்றால், இல்லை. தனக்கு எது தேவையோ அதை மட்டும் மாற்றினான். 1833இல் கரையோரத்துக்கும் கண்டிக்கும் சேர்த்து ஒரே நீதிமன்ற அமைப்பு வந்தது. பின்னால் காப்பித் தோட்டங்கள் பெருகி, லண்டன் பணம் உள்ளே வந்தபோது, அந்தப் பணக்காரனுக்குப் பழக்கமான சட்டம் வேண்டியிருந்தது. 1852ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் கப்பல் விவகாரத்துக்கும் உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டுக்கும், 1866ஆம் ஆண்டின் 22ஆம் சட்டம் கூட்டு வியாபாரம், கம்பெனி, வங்கி, ஏஜென்சி, இன்சூரன்ஸ் ஆகியவற்றுக்கும் இங்கிலாந்துச் சட்டத்தைக் கொண்டுவந்தன. நிலம், ஒப்பந்தத்தின் அடிப்படை, நஷ்டஈடு இவற்றில் கைவைக்கவில்லை. பெரிய கொள்கை எதுவும் இதன் பின்னால் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வியாபாரத்துக்கு இடைஞ்சலானது மாறியது, இல்லாதது அப்படியே கிடந்தது.

குற்றவியலுக்கு நம் ஊரிலிருந்தே கொண்டுபோனார்கள். இலங்கையின் 1883ஆம் ஆண்டு தண்டனைச் சட்டம் நம் இந்திய தண்டனைச் சட்டத்தின் அச்சு. 1895ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம் நம் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. 1917ஆம் ஆண்டு டிரஸ்ட் சட்டமும் அப்படியே. கொழும்பு செட்டியார் தெருவில் நகரத்தார் கட்டிய கதிரேசன் கோயில்கள் போன்றவை அங்கே அறநிலையத் துறையின் கீழ் வராமல் இந்த டிரஸ்ட் சட்டத்தின் கீழ் வருவது அதனால்தான். ஒரு வேடிக்கையும் இதில் உண்டு. ஹாலந்தில் ரோமன்-டச்சுச் சட்டம் 1809இல் நெப்போலியன் காலத்தோடு முடிந்துபோனது. இன்று அது உயிரோடு இருப்பது இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதைச் சுற்றிய சில நாடுகளிலும். மெக்காலே வரைந்த நம் இந்திய தண்டனைச் சட்டத்துக்கும் இப்போது அதே கதி. 2024 ஜூலை 1 முதல் நமக்குப் புதிய குற்றவியல் சட்டங்கள். கொழும்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் இன்னும் அந்தப் பழைய சட்டத்தின் வார்ப்பையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது உங்கள் ஐயாவின் கடைக்கு வருவோம். அவர் ஊரில் இருந்துகொண்டு மேலாளுக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்து அனுப்பியிருப்பார். அந்த முதலாளி–ஏஜென்ட் உறவுக்கு இங்கிலாந்துச் சட்டம். மேலாள் கையெழுத்து வாங்கிய புரோநோட்டுக்கும் அதுவே. கடன் திரும்பாமல் தோட்டம் அடமானத்துக்கு வந்தால், அடமானத்தின் இயல்புக்கு ரோமன்-டச்சுச் சட்டமும் அதன் மேல் வந்த உள்நாட்டுச் சட்டங்களும். கடைக் கையாடலுக்கு நம் தண்டனைச் சட்டத்தின் தம்பி. ஊரில் சகோதரர்களுக்குள் ஐந்தொகை (வரவு செலவு இருப்புக் கணக்கு) பார்த்துப் பிரிக்கும்போது மிதாக்ஷரம் என்ற இந்து சட்டப் பிரிவு. ஒரே விலாசத்தில், ஒரே பேரேட்டில் நான்கு சட்டம் நடந்திருக்கிறது. கடையில் பெட்டியடியில் உட்கார்ந்தவர்களுக்கு இது தினசரிப் பழக்கம். நமக்குத்தான் இப்போது புதிராகத் தெரிகிறது.

வட்டி விஷயம் சுவையானது. வட்டி எவ்வளவு ஏறினாலும் கோர்ட்டில் வசூலிக்கும் வட்டி முதலைத் தாண்டக்கூடாது என்பது ரோமன்-டச்சு விதி. 1852ஆம் ஆண்டுச் சட்டம் அதை எழுத்திலும் வைத்தது. இதே விதி பழைய இந்து தர்ம நூல்களில் தாம்துபட் என்ற பெயரில் இருக்கிறது. பம்பாய் மாகாணத்திலும் கல்கத்தா நகரத்திலும் நீதிமன்றங்கள் அதை அமல்படுத்தின. சென்னை மாகாணத்தின் மாவட்டங்களில் அமல்படுத்தவில்லை. ஆக, சொந்த ஊரில் இந்து சட்டம் தராத கட்டுப்பாட்டை, கடல் தாண்டிப் போன இடத்தில் ஹாலந்துச் சட்டம் போட்டது. இன்னொன்று: நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் பிரதிபலன் (பதிலுக்குக் கிடைப்பது) இல்லாத வாக்குறுதி பொதுவாகச் செல்லாது. இலங்கையில் நியாயமான காரணத்தோடு யோசித்துக் கொடுத்த வாக்கு என்றால் போதும். 1918இல், பிரிட்டிஷ் காலனிகளுக்குக் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலே இதை ஒப்புக்கொண்டது. நிலத்தைப் பாதி மதிப்புக்கும் கீழே விற்றவர் விற்பனையை ரத்துசெய்யக் கேட்கலாம் என்ற ரோமானிய விதியும் அங்கே நிற்கிறது.

பங்கு விஷயம்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். அசையாச் சொத்து எந்த மண்ணில் இருக்கிறதோ அந்த மண்ணின் சட்டம். அசையும் சொத்துக்கு இறந்தவர் எந்த நாட்டை நிரந்தரக் குடியிருப்பாகக் கொண்டிருந்தாரோ அந்தச் சட்டம். இது டச்சுக்காரன் சதி இல்லை, நம் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் இதையேதான் சொல்கிறது; அந்தப் பிரிவு இந்துக்களுக்கு நேரடியாகப் பொருந்தாது என்றாலும் விதி அதுதான். ஆகவே உங்கள் ஐயா கொழும்பு வங்கியில் வைத்திருந்த பணமும் வரவேண்டிய கடனும் நம் சட்டப்படி ஒரு வழியில் போகும். கட்டடமும் தோப்பும் இலங்கையின் 1876ஆம் ஆண்டு 15ஆம் சட்டப்படி வேறு வழியில் போகும். உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்குப் பாதி, மீதிப் பாதி பிள்ளைகளுக்கு, ஆண் பெண் பேதமில்லாமல் சரிசமமாக என்பது அந்தச் சட்டம்.

இதன் பொருளைக் கொஞ்சம் யோசியுங்கள். 1937க்கு முன் இங்கே பிரியாத குடும்பத்தில் புருஷன் இறந்தால், பெண்சாதிக்குச் சாப்பாட்டு உரிமை மட்டும்; பெண்பிள்ளைகளுக்குச் சீர் செய்ததோடு கணக்கு முடிந்தது. தகப்பன் சொத்தில் பெண்ணுக்கு வாரிசுப் பங்கு 1956இல்தான் வந்தது. கூட்டுச் சொத்தில் பிறப்புரிமை தமிழ்நாட்டில் 1989இல், நாடு முழுமைக்கும் 2005இல். அதே காலத்தில், அதே மனிதரின் கொழும்புக் கட்டடத்தில் உங்கள் ஆயாவுக்கு (ஐயாவின் மனைவிக்கு) பாதியும், அத்தைமார்களுக்குச் சகோதரர்களோடு சமபங்கும் சட்டத்தில் இருந்திருக்கிறது. ஊரில் ஆண்மக்கள் மட்டும் உட்கார்ந்து எழுதிய பாகப்பத்திரத்தில் கொழும்புச் சொத்தையும் ஒரு வரியில் சேர்த்திருப்பார்கள். நான் பார்த்த கட்டுகளில் அப்படிப்பட்ட வரிகள் சாதாரணம். அந்த வரி அத்தைமார்களின் பங்கைத் தானாக அழித்துவிடாது. இப்போது கொழும்பில் வழக்கு என்று இறங்கினால், அத்தைகளின் பிள்ளைகளையும் சேர்த்தே இறங்க வேண்டியிருக்கும். வீட்டில் இதைச் சொன்னால் முகம் மாறும். இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எதிர்வாதம் இல்லையா என்றால், உண்டு. உறுதியில் ஐயா பெயர் இருந்தாலும் பணம் குடும்பத்தின் கூட்டுப் பணம், அவர் எல்லாருக்காகவும் வைத்திருந்தார் என்று டிரஸ்ட் சட்டத்தின் வழியாக வாதாடலாம். அது எவ்வளவு தூரம் நிற்கும் என்பது உறுதியின் வாசகம், கணக்குப் புத்தகங்கள், காலம் மூன்றையும் பொறுத்தது. இதில் நிச்சயம் சொல்கிறவரை நம்பாதீர்கள். கூட்டுப் பணம் என்று காட்ட வளவில் தனித்தனி அடுப்பு இருந்தது தடை ஆகாது. நம் வழக்கப்படி கல்யாணமானதும் தனிச் சமையலாக வேறு வைப்பதும், மணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கிடுவதும் பாகம் பிரிந்ததாகாது. அதை அங்குள்ள நீதிபதிக்கு விளக்க வேண்டும், அவ்வளவுதான்.

கூட்டுக் குடும்பம் என்ற ஒன்றையே இலங்கை ஏற்கவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. மரணவரிச் சட்டத்தில், பிரியாத இந்துக் குடும்பத்தின் உறுப்பினர் இறந்தால் கூட்டுச் சொத்துக்கு வரி இல்லை என்று தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். நம் பக்கத்து அருணாசலம் செட்டியார் குடும்ப வழக்கு இதில்தான் எழுந்தது. மகன் 1934இல் இறந்தார், தகப்பனார் 1938இல் இறந்தார். கடைசி ஆண்மகன் தனியாளாக இருந்தால் அது எப்படிக் கூட்டுச் சொத்து ஆகும் என்று அரசு வரி கேட்டது. சுவீகாரம் எடுக்கக்கூடிய விதவைகள் வீட்டில் இருக்கும்வரை குடும்பம் முடிந்துபோகவில்லை, சொத்தும் கூட்டுச் சொத்துதான் என்று 1957இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நம் உச்ச நீதிமன்றம் 1966இல் கௌலி புத்தண்ணா வழக்கில் வருமான வரிக்கு அதையே பின்பற்றியது. இலங்கை வரி வழக்கொன்றில் செட்டிநாட்டு வீட்டுப் பெண்கள் இருந்ததால் கிடைத்த விதி, இன்று இந்தியா முழுவதும் ஆடிட்டர்கள் பயன்படுத்தும் விதி. ஒரே அரசு, வரிக்கு இந்துக் குடும்பத்தை ஏற்று, காணிக்கு ஏற்காமல் இருந்திருக்கிறது. விஷயத்துக்கு விஷயம் சட்டம் மாறும் என்று நான் மேலே சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பர்மாவில் சொத்து இருந்த குடும்பங்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. 1937 வரை அது பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதி. 1898ஆம் ஆண்டு பர்மாச் சட்டம் வாரிசு விஷயத்தில் இந்துக்களுக்கு இந்து சட்டம் என்றே சொன்னது. அங்கே போனது சட்டத்தால் அல்ல, யுத்தத்தாலும் நிலம் அரசுடைமையானதாலும். வெளிநாட்டுக்கே போக வேண்டாம், பாண்டிச்சேரியில் 1881ஆம் ஆண்டுப் பிரெஞ்சு ஆணைப்படி தனிச்சட்டத்தைத் துறந்த குடும்பங்கள் இன்றும் பிரெஞ்சு சிவில் சட்டம் பேசுகின்றன.

சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை செய்தது வேறு வகை. வாரிசு விதிகளை அதிகம் தொடவில்லை, யார் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதைத் தொட்டது. 1963ஆம் ஆண்டு நிதிச் சட்டம் குடியுரிமை இல்லாதவர் காணி வாங்கினால் மதிப்புக்குச் சமமான வரி விதித்தது. 1972ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் 50 ஏக்கர் உச்சவரம்பு வைத்தது, நெல்வயலுக்கு 25. 1973இல் வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. உங்கள் தோப்பு 50 ஏக்கருக்கு மேல் என்றால், அல்லது ஐயாவுக்கு வேறு தோட்டங்களும் இருந்திருந்தால், 1972லேயே அது கைமாறியிருக்கக்கூடும். நீங்கள் தேடுவது நிலமாக இல்லாமல் நஷ்டஈட்டுக் கோப்பாக முடியலாம். 2014ஆம் ஆண்டுச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உறவினருக்கு வாரிசு வழியில் வருவதற்கு அதில் விலக்கு உண்டு. அந்த விலக்கு உங்கள் தலைமுறைக்கு எட்டுமா என்பதைக் கொழும்பு வக்கீலிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் இரண்டு விஷயம். ஐயா கொடுத்த அதிகாரப் பத்திரம் அவர் இறந்த அன்றே செத்துப்போனது. அதை வைத்து அதற்குப் பிறகு யாராவது விற்றிருந்தால் அந்த விற்பனையின் தேதியைப் பாருங்கள். அடுத்தது, இலங்கையில் 1871ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வருஷம் எதிரிடையாக அனுபவித்தவருக்கே காணி உரிமை போய்விடும், நம் ஊர்போல 12 இல்லை. கட்டடத்தில் இப்போது இருப்பவர் வாடகைக்கு வந்தவரா, சொந்தம் கொண்டாடுபவரா, யாருக்காவது வாடகை கொடுத்துவருகிறாரா என்பதுதான் வழக்கைத் தீர்மானிக்கும். அங்கே 1840 முதல் காணி மாற்றம் நொத்தாரிசு (நோட்டரி) முன்னிலையில் இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் செல்லும். பதிவு என்பது யாருக்கு முந்தைய உரிமை என்பதற்கு மட்டும். ஆகவே உறுதியின் கடைசிப் பக்கத்தில் நொத்தாரிசு பெயர், உறுதி எண், தேதி மூன்றும் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் ஏட்டுப் பிரதியை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். அது கைக்கு வரும்வரை ஆயாவுக்கு எவ்வளவு, அத்தைக்கு எவ்வளவு என்று வீட்டில் பேச்சை எடுக்க வேண்டாம்.